ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஸ்ட்ராங்கிள்' போன்ற வினையை உருவகமாகப் பயன்படுத்தலாமா?

திருகோணமலையிலிருந்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் இங்குள்ள மீனவர்கள் பட்ட பாட்டை எழுதும்போது "ஃபியூயல் பிரைசஸ் ஸ்ட்ராங்கிள்ட் த ஃபிஷர்மென்" என்று ஒரு வரி எழுதினாராம். எரிபொருள் விலை மீனவர்களின் கழுத்தை நெரித்தது என்பது கருத்து. திருத்திக் கொடுத்தவர் 'ஸ்ட்ராங்கிள்ட்' என்பதை வெட்டிவிட்டு 'அஃபெக்டட்' என்று போட்டுவிட்டார். உப்புவெளிக் கரையைப் பற்றிய இன்னொரு வரி "த சீ வொமிட்டட் பிளாஸ்டிக்", அதாவது கடல் பிளாஸ்டிக்கை வாந்தியெடுத்தது. அதற்குப் பக்கத்தில் 'அநாகரிகம்' என்று குறிப்பு. எழுத்து ஆங்கிலத்தில் வினையை இப்படி உருவகமாக எழுதவே கூடாதா, எழுதினால் மேற்கோள்குறிக்குள் போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராளமாக எழுதலாம். மேற்கோள்குறி வேண்டாம். முதல் வரியில் சிக்கல் இருப்பது உண்மை, ஆனால் 'அஃபெக்டட்' அதற்கு மருந்தல்ல. விலை மீனவர்களைப் பாதித்தது என்றால் எப்படி, எவ்வளவு, எந்தப் பக்கமாக என்று ஒன்றுமே தெரியாது. இரண்டாவது வரி நல்ல வரி. அதை விட்டுக்கொடுக்காதீர்கள், தங்கச்சி.

இனி காரணங்களுக்கு வருவோம். முதல் வரியை ஆங்கில வாசகர் ஒருவர் படிக்கும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பாருங்கள். முதலில் 'எரிபொருள் விலை' வருகிறது. அடுத்ததாக 'நெரித்தது' வந்துவிடுகிறது. எதை நெரித்தது என்று இன்னும் தெரியாது. வாசகர் மனதில் ஏதோ தொழிலோ பொருளாதாரமோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இருக்கும். வருவது 'மீனவர்கள்'. உண்மையான கழுத்துள்ள மனிதர்கள். அந்த இடத்தில் உருவகம் ஒரு நொடி தடுக்கி, கொலைக் காட்சி ஒன்று எட்டிப் பார்க்கிறது.

இதையே செயப்பாட்டு வினையாக எழுதினால் இன்னும் மோசம். "த ஃபிஷர்மென் வேர் ஸ்ட்ராங்கிள்ட்" என்பது வரை படிப்பவருக்கு அது பொலிஸ் செய்தி. அதற்குப் பிறகு 'பை ஃபியூயல் பிரைசஸ்' வந்து சேரும்போது, அவர் முதலில் கண்ட சடலங்களை அழிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தத் தடுக்கல் வருவதில்லை. "எரிபொருள் விலை மீனவர்களின் கழுத்தை நெரித்தது" என்ற வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. நெரித்தது யார், நெரிபட்டது யார் என்பதெல்லாம் தெரிந்த பிறகே 'நெரித்தது' வந்து உட்காருகிறது. விலைக்குக் கையில்லை என்பது அதற்குள் வாசகருக்குத் தெரியும், ஆகவே ஏமாற வாய்ப்பில்லை. அதோடு கடன் கழுத்தை நெரிக்கிறது, வட்டி கழுத்தை நெரிக்கிறது என்று நாள்தோறும் பேசிப் பழகிய வாய் நமக்கு. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது, அங்கே வினை நடுவில் நிற்கிறது என்பதும் வாசகர் அதைச் செயப்படுபொருளுக்கு முன்பே சந்திக்கிறார் என்பதும் மறந்துபோகிறது. நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கில உருவகங்களில் பாதிக்கு மேல் வழுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே முதல் திருத்தம் செயப்படுபொருளில். மீனவர்களை எடுத்துவிட்டு 'த ஃபிஷிங் ட்ரேட்' என்று தொழிலைப் போடுங்கள். தொழிலுக்குக் கழுத்து இல்லை, அதனால் 'ஸ்ட்ராங்கிள்' உடனே உருவகமாகப் படிபடும். ஆங்கிலத்தில் இந்த வினை வழக்கமாகப் போய்ப் பிடிப்பதும் இப்படிப்பட்ட பொருள்களைத்தான்: வாகன நெரிசல் ஒரு நகரத்தை நெரிக்கும், அலுவலகக் கெடுபிடி வியாபாரத்தை நெரிக்கும்.

இரண்டாவது, காலம். நாம் 'நெரித்தான்' என்றால் நெரித்துவிட்டு விட்டுவிட்டான் என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங்கிள்ட்' என்று முடிந்த இறந்தகாலத்தில் எழுதினால், ஆள் போய்விட்டார் என்றே வாசகர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். திருகோணமலையில் மீன்பிடி செத்துப்போகவில்லையே. மூச்சுத் திணறியது, பிறகு தட்டுத்தடுமாறி எழும்பியது. அப்படியென்றால் 'வேர் ஸ்ட்ராங்ளிங்' என்று தொடர்வினையாக எழுத வேண்டும். ஐஎன்ஜி என்ற மூன்று எழுத்தில் ஒரு தொழிலின் உயிர் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உருவக வினையும் ஒரு தகவல்தான். விலை இவ்வளவு, திகதி இது என்று எழுதும்போது சரிபார்ப்பதைப் போல வினையையும் சரிபார்க்க வேண்டும். நெரிப்பது என்ன மாதிரியான செயல்? இரண்டு கை அல்லது ஒரு கயிறு, கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது, அகப்பட்டவர் திமிறுகிறார், நேரம் எடுக்கிறது. இனி 2022ஐ எடுத்துப் பாருங்கள். முதலில் எரிபொருளே கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் ஏற்றப்பட்டது. சின்னப் படகுகளின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். 87 ஒரே இரவில் 340 ஆவது இறுக்கமில்லை, அடி. தலையில் விழுந்த அடி. கிடைக்காமல் போனதுதான் மூச்சை அடைத்தது. அதற்குப் பிறகு கடன் வாங்கி எண்ணெய் அடித்து, பிடித்த மீனை விற்றுக் கடனைக் கட்டி, மறுபடியும் கடன் வாங்கிய வீடுகள் இருந்தால், அங்கே நடந்ததுதான் நெரிப்பு. ஆக ஒரே நெருக்கடிக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் இருக்கின்றன. எந்த வினை எதற்கு என்று பிரிக்கத் தெரிந்தால் கட்டுரை தானாகவே தெளிவாகும்.

இந்த வினையின் உறவுக்காரர்களையும் பார்த்துவிடுவோம். 'ஸ்குவீஸ்' பிழிவது, ஆள் சாவதில்லை, சாறுதான் போகிறது. குடும்பச் செலவு, இலாபம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். 'ஸ்மதர்' மேலே எதையாவது போட்டு மூடி மூச்சை நிறுத்துவது, அன்பால்கூட அப்படிச் செய்யலாம். 'சோக்' தொண்டை அடைப்பது. 'சோக் ஓஃப்' என்றால் வரத்தை அடைப்பது, தட்டுப்பாட்டுக்கு அச்சொட்டான சொல். ஆனால் படகைப் பற்றி எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். எஞ்சினில் 'சோக்' என்ற பாகமும் இருக்கிறது, 'த்ரொட்டில்' என்ற பாகமும் இருக்கிறது. இரண்டும் கழுத்தோடு தொடர்புள்ள சொற்கள்தான், எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. "விலை படகுகளைச் சோக் பண்ணியது" என்று ஆங்கிலத்தில் எழுதினால், எஞ்சினை அறிந்த வாசகர் காற்று அடைப்பை நினைப்பார். அங்கே படகைத் தவிர்த்து எண்ணெய் வரத்தைச் செயப்படுபொருளாக்குங்கள், குழப்பம் தீரும்.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விடயத்தில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஆங்கிலம் கடலோடிகளின் மொழியாக நீண்ட காலம் இருந்ததால் அதன் உருவக வினைகளில் நிறையக் கடல்நீர் இருக்கிறது. கொழும்பிலோ கண்டியிலோ இருந்து எழுதுபவர் அகராதியில் பார்க்க வேண்டியதை உங்களால் கரையில் நின்று பார்க்க முடியும்.

'ஃபவுண்டர்', 'ஃப்ளவுண்டர்' என்ற இரண்டையும் எடுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே மாற்றிப் போட்டுவிடும் சோடி இது. 'ஃபவுண்டர்' கப்பல் தண்ணீர் புகுந்து அமிழ்வது. பேச்சுவார்த்தை 'ஃபவுண்டர்' ஆனது என்றால் கதை முடிந்தது. 'ஃப்ளவுண்டர்' சேற்றிலோ தண்ணீரிலோ கைகால் அடித்துத் தத்தளிப்பது. பேச்சுவார்த்தை 'ஃப்ளவுண்டர்' ஆகிறது என்றால் இன்னும் நடக்கிறது, ஆனால் பிடி கிடைக்கவில்லை. ஓர் எழுத்தில் முடிவே மாறிவிடும். கொட்டியாரக் குடாவில் தண்ணீர் ஏறிய வள்ளத்தையும், அலை அடிக்கும் இடத்தில் கால் எட்டாமல் தத்தளிக்கும் சிறுவனையும் கண்டவருக்கு இந்த வித்தியாசம் ஒருநாளும் மறக்காது.

'ஹாபர்' நாம் நாள்தோறும் கேட்கும் சொல். வினையாக வந்தால் ஒதுங்க இடம் கொடுத்து உள்ளே வைத்திருப்பது. தப்பியோடியவரை ஒருவர் 'ஹாபர்' பண்ணலாம், மனத்தாங்கலை, சந்தேகத்தை, ஏன், இரகசியமான ஆசையைக்கூடப் பண்ணலாம். எல்லாவற்றிலும் ஒரு மறைவு இருக்கும். நம் உள்துறைமுகம் எப்படிக் குன்றுகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது! அதை நினைத்துக்கொண்டால், நன்றியையோ வெளிப்படையான மகிழ்ச்சியையோ ஏன் 'ஹாபர்' பண்ண முடியாது என்பது விளங்கும்.

'ட்ரெட்ஜ் அப்' துறைமுகத்தின் அடியில் கிடக்கும் சேற்றை வாரி மேலே கொண்டுவருவது. பழைய சண்டையைத் தோண்டி எடுப்பதற்கு ஆங்கிலத்தில் இதுதான் சொல், வருவது சேறு என்ற கண்டனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தாத்தாவின் இனிய நினைவுகளை 'ட்ரெட்ஜ் அப்' செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

'டொக்' மட்டும் ஏமாற்றும். சம்பளத்தை 'டொக்' பண்ணுவது என்றால் வெட்டுவது. அதற்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் சம்பந்தமில்லை, விலங்கின் வாலை வெட்டுவதிலிருந்து வந்தது. அதேபோல 'டோ த லைன்' என்ற தொடரில் இருப்பது கால்விரல், கோட்டில் விரலை வைத்து ஒழுங்காக நிற்பது. படகைக் கயிற்றில் கட்டி இழுக்கும் 'டோ' வேறு. கேட்க ஒன்றுபோல இருப்பதால் எழுத்து மாறிவிடும். ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையொன்றில், உருவகத்தின் படத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள் என்பதற்கு இந்த எழுத்துப் பிழையைத்தான் சான்றாகக் காட்டினார். படம் தெரிந்தவருக்கு எழுத்து பிழைக்காது.

வினையோடு ஒட்டிவரும் சின்னச் சொற்களையும் விட்டுவிட முடியாது. 'ஹாமர்' என்பது சுத்தியலால் அடிப்பது. ஓர் உடன்படிக்கையை 'ஹாமர்' பண்ணினார்கள் என்றால் அதைத் தாக்கித் தள்ளினார்கள். 'ஹாமர் அவுட்' பண்ணினார்கள் என்றால், காய்ச்சிய இரும்பைக் கொல்லன் தட்டித் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவருவதுபோல, பேசிப் பேசி உருவாக்கினார்கள். 'அவுட்' என்ற ஒரு சொல்லில் அடி ஆக்கமாகிவிடுகிறது. இப்படியான வினைகளைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், வாலோடு சேர்த்தே படியுங்கள்.

அப்புறம், தூங்கும் உருவகங்கள். விலை 'ஜம்ப்' பண்ணியது, 'சோர்' பண்ணியது, கருத்தை 'கிராஸ்ப்' பண்ணினார் என்று எழுதும்போது யாரும் குதிப்பதையோ பறப்பதையோ கையால் பிடிப்பதையோ காண்பதில்லை. 'புரோட்காஸ்ட்' ஒரு காலத்தில் வயலில் விதையைக் கையால் அள்ளி வீசுவது, இன்று வானொலி. இவை தூங்கட்டும், குறையில்லை. ஆனால் விழித்திருக்கும் வினை ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் தூங்கியதும் எழும்பிவிடும். ஏற்கனவே கடனில் 'ட்ரவுன்' ஆகிக்கொண்டிருந்த குடும்பங்களை விலை 'ஸ்ட்ராங்கிள்' பண்ணியது என்று எழுதினால், தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருப்பவரின் கழுத்தை யாரோ நீந்திப் போய் நெரிக்கும் படம் வந்துவிடும். கடனில் மூழ்குவது தேய்ந்த பேச்சுத்தான், தனியே நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அயல்வீட்டுச் சத்தத்தில்தான் விழித்தது. ஒரு பத்தியில் ஒரு வலுவான வினை போதும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இப்போது அந்த வாந்திக்கு வருவோம். 'அநாகரிகம்' என்ற குறிப்பைப் படித்ததும் எனக்குத் தண்டியின் நினைவுதான் வந்தது. ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன் வடமொழியில் காவியாதரிசம் என்ற அணியிலக்கண நூலை எழுதியவர், தமிழில் தண்டியலங்காரத்துக்கு மூலம் அந்த நூல். ஒரு பொருளின் செயலை இன்னொரு பொருளின்மேல் ஏற்றிச் சொல்வதை அவர் 'சமாதி' என்று ஒரு தனிக் குணமாகவே வைக்கிறார். அல்லி கண்மூடுகிறது, தாமரை கண்திறக்கிறது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. அந்த இடத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார். துப்புதல், கக்குதல், வாந்தியெடுத்தல் போன்ற சொற்கள் இப்படி ஏற்றிச் சொல்லும்போது மிக அழகானவை, நேர்ப்பொருளில் வந்தால்தான் கொச்சை. உங்கள் வரிக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. தொல்காப்பியரும் உவமை தோன்றும் வகைகளாக 'வினைபயன் மெய்உரு' என்று நான்கைச் சொல்லும்போது வினையைத்தான் முதலில் வைக்கிறார். வினையால் காட்சி காட்டுவது நமக்கு ஆங்கிலம் கற்றுத்தந்த வித்தையல்ல.

ஆங்கிலமும் இதை ஏற்கிறது. புகைபோக்கி புகையை 'பெல்ச்' பண்ணும், ஏப்பம் விடும். பேருந்து பயணிகளை 'டிஸ்கோர்ஜ்' பண்ணும், விழுங்கியதைக் கக்கும். 'வொமிட்' இவற்றைவிடக் காரமானது, அதனால் கண்ட இடமெல்லாம் போடக்கூடாது. ஆனால் உங்கள் வரியில் காரணம் இருக்கிறது. விழுங்கியதைத்தான் வாந்தியெடுக்க முடியும், அதுவும் ஒவ்வாததைத்தான். நாம் எறிந்த பையையும் போத்தலையும் கடல் விழுங்கியது, ஒத்துக்கொள்ளவில்லை, திருப்பிக் கொடுத்தது. வினைக்கு முன்னால் நடந்த கதை முழுவதையும் ஒரு சொல் சுமக்கிறது. 'வொஷ்ட் அப்', கரையொதுங்கியது, என்று மாற்றினால் அந்தக் கதை போய்விடும், குற்றவாளியும் காணாமல் போய்விடுவார். அந்த வரியில் ஒரேயொரு சேர்க்கை செய்வேன்: வெறும் பிளாஸ்டிக் என்று விடாமல் நீங்கள் கண்ணால் கண்ட பொருள்களை எழுதுங்கள். சவர்க்கார உறையா, நைலோன் வலைத்துண்டா, தயிர்ச்சட்டி மூடியா, எதுவோ அது.

மேற்கோள்குறி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருவக வினைக்கு மேற்கோள்குறி போடுவது, சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பதற்குச் சமம். வாசகர் அந்தக் குறியைக் கண்டதும் வினையை நம்புவதில்லை. 'சோ டு ஸ்பீக்', ஒரு பேச்சுக்கு, என்று ஒட்டுவதும் அப்படியே. 'லிட்டரலி' அதற்கு எதிர்ப்பக்கம்: விலை நெரித்தது என்பதோடு அதைச் சேர்த்தால் நிசமாகவே நெரித்தது என்றாகிவிடும். 'புரூட்டலி' போன்ற அடைமொழியும் வேண்டாம். நெரிப்பதில் கொடூரம் ஏற்கனவே இருக்கிறது, சேர்த்தால் மறுபடியும் கொலைச் செய்திதான்.

எங்கே எழுதக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்டச் செயலகத்துக்கு நிவாரணம் கேட்டு எழுதும் கடிதத்தில் 'ஸ்ட்ராங்கிள்' வேண்டாம். அங்கே 87ம் 340ம்தான் பேச வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் 'கன்ஸ்ட்ரெயின்', 'அண்டர்மைன்' என்று எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். அவையும் உருவகங்கள்தான், ஒன்று இறுக்கிக் கட்டுவது, மற்றது கோட்டைச் சுவரின் அடியைத் தோண்டிச் சரிப்பது. பழகிப் பழகிச் சூடு ஆறிவிட்டன, அவ்வளவுதான்.

இன்னொரு வகையும் உண்டு. இதை நம் ஊர் ஆட்களுக்கு நான் அழுத்தமாகவே சொல்வேன். முறைப்பாடுகளின் 'சுனாமி', கேள்விகளால் 'பொம்பார்ட்' பண்ணினார்கள், அதாவது குண்டுமழை பொழிந்தார்கள், என்பவை இலண்டன் பத்திரிகையில் தூங்கும் சொற்கள். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் அவை தூங்குவதில்லை. ஷெல் சத்தத்துக்குப் பதுங்கிய ஆட்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். மின்னஞ்சல் நிறைய வந்தது என்று சொல்வதற்கு அவர்களின் நாளைக் கடன் வாங்க வேண்டாம். இலக்கணம் இதைத் தடுக்காது, நாம்தான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, உங்கள் முதல் வரியைத் திருத்துவோம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஷோர்ட்டேஜஸ் ஹாட் ஓல்ரெடி சோக்ட் ஓஃப் த கெரசீன். தென் த பிரைஸ் ஆஃப் எ லீட்டர் ஜம்ப்ட் ஃப்ரம் 87 ருபீஸ் டு 340, அண்ட் பை த என்ட் ஆஃப் த இயர் டெட் வொஸ் ஸ்ட்ராங்ளிங் த ட்ரேட்." முதலில் தட்டுப்பாடு வரத்தை அடைத்தது, பிறகு விலை பாய்ந்தது, ஆண்டு முடிவில் கடன் தொழிலை நெரித்துக்கொண்டிருந்தது. 'சோக்', 'ஸ்ட்ராங்கிள்' இரண்டும் ஒரே தொண்டையைச் சேர்ந்தவை, ஆகவே மோதிக்கொள்ளாது. நடுவில் 'ஜம்ப்ட்' தூங்குகிறது, எண்கள் வேலை செய்கின்றன. கடன் பற்றிய கடைசிப் பகுதியை மட்டும், நீங்கள் பேசிய மீனவர்கள் அப்படிச் சொல்லியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னது வேறென்றால் நெரிப்பை எடுத்துவிட்டு, அவர்கள் சொன்ன செயலுக்குரிய வினையைத் தேடிப் போடுங்கள். வொமிட் வரியில் வினையை இருந்தபடியே விட்டு, கண்ட பொருள்களை மட்டும் சேர்த்து அனுப்புங்கள். மறுபடியும் 'அநாகரிகம்' என்று வந்தால், கடல் எதை விழுங்கியது என்று ஒரு வரி முன்னால் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.